விருந்தினர் பல்வரிசை

போர் தொடங்கியதும் அரசு முதல் வேலையாகக் கைதி என்ற சொல்லை ஒழித்தது. இனி இந்த நாட்டில் யாரும் கைதி இல்லை, எல்லோரும் விருந்தினர் என்று வானொலியில் அறிவித்தார்கள். சிறை வாசல்களில் இருந்த பழைய பலகைகளைக் கழற்றிவிட்டு 'விருந்தினர் இல்லம்' என்று புதுப் பலகை மாட்டினார்கள். பூட்டை மட்டும் மாற்றவில்லை. போர்க்காலத்தில் சிக்கனம் வேண்டுமே. இந்த இல்லங்களைக் கவனித்துக்கொள்ள விருந்தோம்பல் துறை என்று ஒன்று பிறந்தது. பிறந்த நாளிலிருந்து அது ஆள் எடுத்துக்கொண்டே இருந்தது, ஊழியராகவும் விருந்தினராகவும்.

செருப்புக்கடைக்கு மேல்மாடியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டருக்கும் போருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் உறவு இருந்தது. அவர் மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் காலையில் ஏதோ ஓர் அரசுக் கட்டடத்தில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்யப் போனான். லிஃப்ட் சரியாகிக் கீழே வந்துவிட்டது. அவன் வரவில்லை. பையில் ஒயரும் கட்டடத்தின் வரைபடமும் வைத்திருந்தானாம். லிஃப்ட் மெக்கானிக்கின் பையில் வேறு என்ன இருக்கும் என்று அக்காக்காரி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிக் கேட்டாள். "அப்படி யாரும் எங்கள் விருந்தினர் இல்லை" என்று துறையிலிருந்து பதில் வந்தது. அதன் பிறகு வீட்டில் சிரிப்பு நின்றுபோயிற்று. அவன்தான் அந்த வீட்டில் சிரிக்க வைக்கிறவன்.

டாக்டர் பயந்த சுபாவம். சைக்கிளில் விளக்கு இல்லாமல் போனால்கூட நெஞ்சு படபடக்கும். பிறர் வாய்க்குள் கையை விடும்போது மட்டும் அவருக்குப் பயம் கிடையாது. ஆகவே ஆஸ்பத்திரி வாசலில் துறையின் சாம்பல் நிற வண்டி வந்து நின்றபோது, கையை விடுவதற்கு ஒரு வாய்கூட அருகில் இல்லாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பயப்படாதீங்க டாக்டர். பல் வேலைதான்," என்றார் வந்தவர்.

"யார் பல்லு?"

"அதை அங்க போய்ப் பேசிக்கலாம். இடுக்கி வேணாம், விட்டுட்டு வாங்க. பிடுங்கற வேலையெல்லாம் முடிஞ்சுது."

இயக்குநரின் அறையில் நல்ல மரமேசை, அதன் மேல் பூங்கொத்து, சுவரில் புன்னகைக்கும் விருந்தினர்களின் வண்ணச் சித்திரம். பெயர்ப்பலகையில் இயக்குநர் என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று எழுதியிருந்தது. நிரந்தர இயக்குநர் யாரும் அந்தத் துறைக்கு நியமிக்கப்படவே இல்லை. வந்தவர் எல்லோருமே பொறுப்புதான், அதனால் எதற்கும் யாரும் பொறுப்பில்லை.

"உக்காருங்க டாக்டர். ஒரு சின்னப் பிரச்சினை," என்று இயக்குநர் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். தேய்த்து மடித்த துணிபோல மடிப்புக் கலையாத மனிதர். "வெளிநாட்டுக் குழு ஒண்ணு நம்ம விருந்தினர்களைப் பாக்க வருது. போன தடவையும் வந்தாங்க. எல்லாம் பிரமாதம், ஆனா விருந்தினர்கள் யாரும் சிரிக்கலைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு. ஏன் சிரிக்கலைன்னு விசாரிச்சோம். பல் இல்லை டாக்டர். கூச்சம்!"

"பல் எப்படிப் போச்சு சார்?"

"நல்ல கேள்வி. நாங்களும் கேட்டோம். கமிஷன் போட்டோம். ஓய்வு பெற்ற நீதிபதி, தங்கமான மனுஷன். அவர் வந்து ரெண்டு தடவை நடந்து பாத்தார். வழுக்குது. தரைதான் காரணம்னு தீர்ப்பு சொல்லிட்டார். நாங்க யாரையும் காப்பாத்த நினைக்கலை. குற்றவாளி யாரா இருந்தாலும் நடவடிக்கை எடுப்போம்னு சொன்னோம், எடுத்தோம். தரையைப் பேத்து எறிஞ்சுட்டுப் புதுத் தரை போட்டாச்சு."

"இப்ப விழறதில்லையா?"

"விழறாங்க. இப்ப படிக்கட்டு மேல சந்தேகம். அதுக்கு வேற கமிஷன்." இயக்குநர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். அவருக்குப் பேச்சு பொங்கி வந்தால் ஜன்னல் வேண்டும் போலிருந்தது. "டாக்டர், ஒரு நாடுன்னா பொறுப்பு வேணும். பல்லை யாரோ உடைச்சாங்கன்னு சொல்லட்டும், அந்தப் பேச்சையே நாங்க காதுல வாங்க மாட்டோம். ஆனா ஒரு விருந்தினருக்குப் பல் இல்லைன்னு சொன்னா, அடுத்த நிமிஷம் பல் கட்டிக் குடுப்போம். எதிரி நாட்டுல இதைச் செய்வாங்களா? அங்க பல்லைப் பிடுங்கினா அதோட சரி. கேக்க நாதி கிடையாது. இங்க அப்படி இல்லை. இங்க பின்கவனிப்பு இருக்கு."

டாக்டர் தேநீரைக் குடித்தார். பற்கள் கோப்பையில் மோதிக் கடகடவென்று சத்தம் வந்தது. இயக்குநர் அதைக் கவனித்துவிட்டு, "உங்க பல்லு நல்லா இருக்கு," என்று பாராட்டினார்.

வேலைக்கு ஒரு வெள்ளை அறையைக் கொடுத்தார்கள். விருந்தினர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தலையில் துணி உறை, வாய்க்கு மட்டும் ஓர் ஓட்டை. அவர்களுடைய அந்தரங்கத்தைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது. வந்தவர் 'ஆ' என்று மட்டும் சொல்லலாம். வேறு எழுத்து எதற்கும் அனுமதி இல்லை. மூலையில் ஸ்டூல் போட்டு ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். ஆ என்பது ஆவாகத்தான் இருக்கிறதா, அதற்குள் ஏதாவது சேதி இருக்கிறதா என்று கேட்பது அவர் உத்தியோகம்.

"நீட்டாதே," என்பார் அவ்வப்போது. "ரொம்ப நீட்டினா அது பேச்சாயிடும்."

வாய்களைப் பார்க்கப் பார்க்க டாக்டருக்குப் பயம் வந்தது. அது வரைக்கும் வாய்க்குள் கை போனால் வராத பயம். தரையில் விழுந்தால் முன்பல் உடையும், உதடு கிழியும். கடைவாய்ப்பல் ஒன்றுவிட்டு ஒன்றாக, அளவெடுத்த மாதிரிப் போகாது. படிக்கட்டும் அப்படி ஒழுங்காகப் பொறுக்கி எடுக்காது. டாக்டர் மெழுகில் அச்செடுத்தார். அடுத்தவர் வந்தார்.

அப்படி வந்த ஒரு வாய்க்குள் கண்ணாடியை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். மேல் வரிசை போயிருந்தது. கீழ் வரிசையில், பின்னால், உலோகத் தொப்பி போட்ட பல் ஒன்று தெரிந்தது. தொப்பி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் ஆயுளில் கோணலாக வைத்த தொப்பி அது ஒன்றுதான். வைக்கும்போது அந்தப் படவா செருப்புக்கடை முதலாளி மாதிரி பேசிக்காட்டிச் சிரிக்க வைத்துவிட்டான். "மாமா, கோணலா இருந்தா என்ன, நான் என்ன கடைவாய்ப்பல்லைக் காட்டியா பொண்ணு பாக்கப் போறேன்?" என்று வேறு கேட்டான்.

"கொஞ்சம்... கொஞ்சம் பெரிசாத் திறங்க," என்றார் டாக்டர்.

உறைக்குள் இருந்த தலை சட்டென்று அசையாமல் நின்றது. பிறகு அவர் விரலில் ஓர் அழுத்தம். பல் இல்லாத மேல் ஈறால், வலிக்காமல், கடித்தான். வீட்டில் பல் பார்க்கும்போதெல்லாம் மச்சினன் செய்கிற பழைய குறும்பு.

"என்ன அங்க?" காவலர் எழுந்தார்.

"ஒண்ணுமில்ல. கூச்சத்துல தானா மூடிக்கும். எல்லாருக்கும் வர்றதுதான்."

"ஆ சொல்லச் சொல்லுங்க."

"ஆ," என்றான் மச்சினன். மிகச் சரியான நீளத்தில், குற்றம் சொல்ல முடியாத ஆ. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொள்ள முகமூடியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

மாலையில் இயக்குநரைப் பார்த்து, சுற்றி வளைத்துக் கேட்டார். "சார், ஒரு பேச்சுக்கு... விருந்தினர்ல யாராவது எனக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா?"

இயக்குநர் முகத்தில் அக்கறை பரவியது. "யாரைச் சொல்றீங்க, உங்க மச்சினனையா? அவர் இங்க இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்டு உங்க வீட்டம்மாவுக்கு அனுப்பியிருக்கேனே. இல்லாத ஒருத்தருக்கு நீங்க பல் பாக்க முடியாது டாக்டர். பாத்தேன்னு சொன்னா ரெண்டுல ஒண்ணு. நீங்க பொய் சொல்றீங்க, இல்லை அரசாங்கம் பொய் சொல்லுது. ரெண்டுக்குமே தண்டனை உங்களுக்குத்தான். யோசிச்சுப் பேசுங்க. பல்லு எப்ப ரெடியாகும்?"

வீட்டில் டாக்டர் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க இருக்கானா?" என்று கேட்டாள்.

அவர் ஆமென்று தலையை அசைத்தார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தண்ணீர்க் குவளையை நிமிர்த்தி வைத்தாள். "மெல்ல முடியுதா அவனால?"

"மேல் வரிசை இல்லை."

"வலிக்காமப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப நல்லாக் கட்டுங்க. வேற யாருக்கும் அவசரமாக் கட்டினாலும் பரவாயில்லை, அவனுக்கு நல்லாக் கட்டுங்க." இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்து, "இல்லை. எல்லாருக்கும் நல்லாவே கட்டுங்க," என்றாள்.

குழு வந்த அன்று இல்லத்தின் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். விருந்தினர்கள் உறையோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஒரு மணி அடித்தால் புன்னகை, இரண்டு மணி அடித்தால் மகிழ்ச்சி. மகிழ்ச்சிக்கு இரண்டு வரிசைப் பல்லும் தெரிய வேண்டும். குழுவின் தலைவர் உயரமான, களைத்த மனிதர். முகங்கள் ஏன் மூடியிருக்கின்றன என்று கேட்டார். அந்தரங்கம் என்று இயக்குநர் விளக்கினார். தலைவர் அதை ரசித்தார். தம் நாட்டுச் சிறைகளில்கூட இவ்வளவு அந்தரங்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

மணி அடித்தது. வரிசை முழுக்க, துணி ஓட்டைகளுக்குள்ளிருந்து, ஒரே நேரத்தில் வெள்ளைவெளேரென்று பல் தெரிந்தது. குழுவில் இருந்த ஒரு பெண்மணி மட்டும் ஓரடி பின்னால் நகர்ந்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "எங்க மேல என்னென்னவோ புகார் சொல்றாங்க. நான் கேக்கறேன், சித்திரவதை செய்யற இடத்துல இத்தனை பல் இருக்குமா? எண்ணிப் பாத்துக்கங்க. வந்தப்போ இருந்ததைவிட இப்ப சில பேருக்கு ரெண்டு பல் கூடவே இருக்கு! இதைச் சாதிச்ச டாக்டர் இங்கதான் இருக்கார். அவரே சொல்லட்டும்."

டாக்டரை மேடையில் தள்ளிவிட்டார்கள். அவர் பையில் துறை எழுதிக் கொடுத்த உரை இருந்தது. அதை எடுக்கத்தான் நினைத்தார். கை பைக்குப் போகாமல், தான் பார்த்துப் பார்த்துக் கட்டிய அந்தப் பல்லோடு வரிசையின் கோடியில் நின்றவனை நோக்கி நீண்டுவிட்டது.

"அது என் மச்சினன்," என்றார். "அவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் இங்க இல்லைன்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. இங்கதான் இருக்கான். அந்தப் பல்லெல்லாம் தரையில விழுந்து போனதில்லை."

மொழிபெயர்ப்பாளர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் பூத்த முகத்தோடு டாக்டரின் தோளை அணைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா? சொந்த மச்சினன்! ஒரு விருந்தினருக்கு வைத்தியம் பாக்க அவரோட சொந்தக் குடும்பத்து டாக்டரையே கூட்டிட்டு வந்திருக்கோம். இதைவிட ஒரு நாடு என்ன செய்ய முடியும்? பாருங்க, டாக்டருக்குப் பேச்சே வரலை. நெகிழ்ச்சி!"

மொழிபெயர்ப்பாளர் நெகிழ்ச்சி வரைக்கும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தார். டாக்டர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார். குழுத் தலைவர் கண் கலங்கி, உறவினர்கள் விருந்தினரைப் பார்க்க முடிகிறது என்று குறித்துக்கொண்டார். கோடியில் நின்றவன் கையைத் தூக்கி ஆட்டினான். யாரோ இரண்டு முறை மணியை அடித்தார்கள். எல்லோரும் மகிழ்ச்சியடைந்தார்கள்.

டாக்டர் வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், கூட்டிப்போக எப்போது வருவார்களோ என்று. வரவில்லை. வராதது அதைவிடப் பயமாக இருந்தது. குழுவின் அறிக்கைதான் வந்தது, எல்லாச் செய்தித்தாள்களிலும் முதல் பக்கத்தில். விருந்தினர் நலனில் நமக்கு உலகப் பாராட்டு. உறவினர் சந்திப்புக்குத் தாராள அனுமதி.

மனைவி அந்தச் செய்தித்தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "கிளம்புங்க."

"எங்கே?"

"தாராள அனுமதி இருக்காம். தம்பியைப் பாக்கப் போறோம்."

வாசல் காவலருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்திப்பு என்று ஒன்று அங்கே நடந்ததே இல்லை. உள்ளே போய் வந்தார், மறுபடி போனார். அவள் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள், தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும்படி. ஆளுக்கொரு புகைப்படத்தைக் கையில் பிடித்த வேறு இரண்டு பெண்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள். கடைசியில் இயக்குநரே வந்துவிட்டார்.

"மேடம், இதையெல்லாம் பேப்பர்ல போட்டா அப்படியே நம்பிடறதா?"

"அப்ப இது பொய்யா சார்? உலகமே பாராட்டினது பொய்னு எழுதிக் குடுங்க, போயிடறேன்."

இயக்குநர் செய்தித்தாளைப் பார்த்தார். அதில் அவருடைய படம் இருந்தது, நன்றாகவே விழுந்திருந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு, "நாளைக்கு வாங்க. அவரைத் தயார் பண்ணணும்," என்றார்.

மறுநாள் ஒரு சின்ன அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் அவனை உட்கார வைத்திருந்தார்கள். தலையில் அதே உறை. இயக்குநர் கதவருகே நின்றார்.

"தம்பி," என்றாள் அவள்.

"ஆ," என்றது உறைக்குள்ளிருந்து.

பிறகு அவன் சிரித்தான். டாக்டர் பார்த்தார். மேல் வரிசை அவர் கட்டியதுதான், ஒவ்வொரு பல்லாக உட்கார்ந்து மெருகு போட்டது. ஆனால் அது தளர்ந்து ஆடியது. சிரிப்பு விரிந்தபோது நழுவி இறங்கியது, அவன் அவசரமாக நாக்கால் மேலே தள்ளிக்கொண்டான். அந்தத் தாடை குறுகலான தாடை. கீழே பின்பக்கம் எல்லாப் பல்லும் இருந்தன, தொப்பி எதுவும் இல்லாமல். மச்சினனின் பல்வரிசை இன்னொருவன் வாயில் இருக்கிறதென்றால், மச்சினனுக்கு அது இனித் தேவையில்லை என்று துறை முடிவு செய்துவிட்டது.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று திரும்பினார். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசை மேல் இருந்த அந்தக் கையை அவள் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்திருந்தாள். மெல்லிய, நீண்ட விரல்கள். யாரோ எழுதுகிறவனுடைய, இல்லை வாசிக்கிறவனுடைய கை. ஸ்பேனர் பிடித்த கை இல்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடையாளம் சரிதானே மேடம்?" என்றார் இயக்குநர் இதமாக. "உங்க தம்பி இல்லைன்னா சொல்லிடுங்க. ஆள்மாறாட்டம் பெரிய குற்றம். இவரைத் திரும்ப விசாரிக்க வேண்டியிருக்கும். முதல்லேருந்து."

அவள் கைக்குள் இருந்த கை நடுங்க ஆரம்பித்தது. உறைக்குள்ளிருந்து ஆ என்றுகூட வரவில்லை.

டாக்டர் வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"என் தம்பிதான்," என்றாள். "இளைச்சுட்டான், அவ்வளவுதான். அக்கா வந்திருக்கேன்டா. பயப்படாதே."

அந்தக் கை அவள் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, வலிக்கும் அளவுக்கு.

இயக்குநர் மூச்சு விட்டார். "சந்தோஷம். ரொம்ப சந்தோஷம்."

"அப்ப இவன் இங்க இருக்கான். இல்லையா சார்?"

"இருக்கார் மேடம். கண் முன்னாடி இருக்கார்."

"உயிரோட, உங்க கையில. நீங்களே சொல்லிட்டீங்க. ஒவ்வொரு வாரமும் வருவேன். இந்தக் கையை நல்லாப் பாத்து வெச்சிருக்கேன். இதுல ஒரு நகம் குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்."

இயக்குநர் ஏதோ சொல்ல வந்து, சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் ஜன்னல் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வந்து தெருமுனை திரும்பும் வரை அவள் நேராக நடந்தாள். பிறகு ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்களைத் தாண்டிப் போனவர்கள் பார்க்காத மாதிரி போனார்கள். முந்தின நாள் வாசலில் நின்றிருந்த அந்த இரண்டு பெண்களும் பின்னாலேயே வந்திருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் காத்து நின்றார்கள்.

அவள் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தப் பல்லு அந்தப் பிள்ளைக்குச் சேரலை இல்ல?"

"சேரலை. ரெண்டு நாள்ல ஈறெல்லாம் புண்ணாயிடும்."

"அடுத்த வாரம் வரும்போது அரம் எடுத்துக்கங்க. தேய்ச்சுச் சரி பண்ணிக் குடுங்க."

அவள் எழுந்து அந்தப் பெண்களிடம் போனாள். கைப்பையைத் திறந்து செய்தித்தாளை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தாள்.

"இதைக் காட்டினா உள்ள விடறாங்க," என்றாள். "யாரைக் கொண்டுவந்து உக்கார வெச்சாலும், ஆமான்னு சொல்லுங்க."